சோழநாட்டுத் துறைமுகங்களில் ஆறு நாட்கள்

கப்பலேறி மத்தியதரைக் கடலைச் சுற்றி வருவது இக்காலத்தில் தம்பதியர் பலரும் விரும்பும் உல்லாசப் பிரயாணமாகிவிட்டது. பார்சிலோனா, மார்சேல்ஸ், ஜெனோவா, நேப்பிள்ஸ் என நாளுக்கொரு துறைமுகம். பகலெல்லாம் கரையிறங்கி நகர் பார்த்தல், இரவெல்லாம் கப்பலிலே உறங்குதல். கனடாவிலும் இலண்டனிலும் வாழும் எம் உறவினர் சிலர் அவ்வாறு சென்று வந்து அனுப்பிய படங்களைக் கண்டு வியவாத வீடு வன்னியிலும் அரிது. முல்லைத்தீவிலே ஆசிரியத் தொழில் புரிவோருக்கு அத்தகைய பிரயாணம் எட்டாக்கனியே. ஆனால், அந்த மத்தியதரைக் கடலிலிருந்தே ஒரு காலத்தில் வணிகர் பொருள் கொண்டு தேடிவந்த துறைமுகங்கள், எமக்கு நாலு மணி நேரக் கடற்பயணத்துக்கு அப்பால் வரிசையாகக் கிடக்கின்றன. நாகபட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி, காவிரிப்பூம்பட்டினம், அரிக்கமேடு என்னும் அவற்றை நானும் என் துணைவியாரும் 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத விடுமுறையில் ஆறு நாட்களிற் சுற்றி வந்தோம். அதன் வரலாறே இக்கட்டுரை.

எம் பாட்டனார் காலத்தில் இந்தியாவுக்குப் போவதென்பது மதவாச்சிக்குப் போவது போன்றதே. 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடிய கப்பல் இரு கரையின் புகைவண்டிகளையும் இணைத்தது. 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் போர் மூண்ட காலத்தில் நின்றது. அதன்பின் எம்மவர் கடல் கடந்ததெல்லாம் இரவோடிரவாக, விளக்கணைத்த சிறு படகுகளில், குழந்தைகள் அழாதபடி வாயைப் பொத்திக்கொண்டுதான். எனவே, 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பிரயாணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது என்ற செய்தி எம்மிற் பலருக்கு வெறும் செய்தியன்று. அது சில நாட்களிலேயே மாரியின் காரணமாக நின்று, 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆந் திகதி ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு மீண்டும் தொடங்கிற்று. தூரம் ஏறத்தாழ 111 கிலோமீற்றர்.

போவோமா என்று நான் கேட்டபோது என் துணைவியார் உடனே இசையவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர் முல்லைத்தீவுக் கரையிலே பிறந்து வளர்ந்தவர். 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து ஊருக்குள் வந்தபோது தம் சின்னம்மாவையும் அவர் பிள்ளைகள் இருவரையும் பறிகொடுத்தவர். அன்று தொட்டு அவர் கடற்கரைக்குப் போவதில்லை. வீட்டிலிருந்து அலையோசை கேட்கும் தூரந்தான். ஆயினும் இருபது ஆண்டுகளாக அவர் மணலிற் கால் வைத்ததை நான் கண்டிலேன். ஈற்றில் ஒரு நிபந்தனையோடு இசைந்தார்.

“வாறன். ஆனா அம்மன் பிறந்த ஊரை எனக்குக் காட்டவேணும்.”

அம்மன் என்று அவர் குறித்தது கண்ணகியை. வன்னியில் வாழாதாருக்கு இதனை விளக்குதல் வேண்டும். மதுரையை எரித்த கண்ணகி சினம் தணியாதவளாய் ஈழத்துக்கு வந்து, இடத்துக்கிடம் தங்கி, பத்தாவதாகத் தங்கிய இடமே பத்தாம்பளை. அதுவே நந்திக்கடலோரத்து வற்றாப்பளை ஆயிற்று என்பது எம்மூர் ஐதிகம். வைகாசிப் பொங்கலுக்கு முன்னே முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்த உப்பு நீரிலே விளக்கெரிக்கும் மரபு இன்றும் உண்டு. சிலப்பதிகாரம் படித்தறியாத வயோதிப மாதரும் கண்ணகி கதையைத் தம் வீட்டுக் கதைபோலச் சொல்வர். ஆனால் அவள் பிறந்த பூம்புகாரைக் கண்டவர் எம்மூரில் மிகச் சிலரே.

முல்லைத்தீவிலிருந்து அதிகாலைப் பஸ்ஸில் ஏறி, வட்டுவாகற் பாலத்தைக் கடந்து, முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு, விசுவமடு வழியே பரந்தன் சந்தியை அடைந்து, ஆனையிறவினூடாக யாழ்ப்பாணம் சேர்ந்தோம். அவ்வழி பற்றி இங்கு எழுதப் புகின் அது வேறொரு கட்டுரையாகிவிடும். நல்லூர்க் கொடியேறியிருந்த காலமாதலால் பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. காங்கேசன்துறையில் 1990ஆம் ஆண்டோடு நின்றுபோன சீமெந்துத் தொழிற்சாலையின் பாழடைந்த கட்டடங்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. மாவிட்டபுரத்துக் கந்தனின் திருவுருவம் இந்தியாவிலிருந்து வந்திறங்கிய துறையாதலால், காங்கேயன் பெயரால் காங்கேசன்துறை ஆயிற்று என்பர். ஆகவே இத்துறைக்கு இந்தியாவிலிருந்து வந்த முதற் பிரயாணி முருகப்பெருமான் என்று கொள்ளலாம்.

இங்கிருந்து கிழக்கே சிறு தூரத்திலுள்ள வல்வெட்டித்துறையையும் நினைவுகூராமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. அங்கே எம்மவர் கையாற் கட்டிய ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை ரொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் சுயெஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலினூடே செலுத்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் தாண்டி, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்திற் கொண்டுபோய்ச் சேர்த்தனர். மத்தியதரைக் கடலை உல்லாசக் கப்பலிற் சுற்றி வந்தோம் எனப் பெருமை பேசும் எம் உறவினருக்கு இதனை நான் எடுத்துச் சொல்வதுண்டு.

பிற்பகலிற் கப்பல் புறப்பட்டது. சோழகக் காற்றுக் காலம். துறைமுகத்து அலைதாங்கியைத் தாண்டியதும் கப்பல் ஆடத் தொடங்கிற்று. துணைவியார் கண்களை இறுக மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி கவசத்தை முணுமுணுத்தார். எமக்கு அயலில் இருந்தவர் திருச்சியில் வாழும் ஓர் அன்பர். ஒன்பது வயதிற் படகிலே இராமேசுவரம் சென்று, அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே மணம் முடித்துப் பேரன் கண்டவர். பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு மீள்கின்றார். “போகும்போது நாலு மணி நேரம் இல்லீங்க, ஒரு ராத்திரி பூரா” என்று அவர் சொன்ன தமிழ் எம் தமிழாகவுமில்லை, முழுதும் அவர்கள் தமிழாகவுமில்லை. ஒன்றரை மணி நேரம் சென்றபின் நாற்புறமும் கரை காணாத நீர்ப்பரப்பு. அப்போதுதான் துணைவியார் கண் திறந்து கண்ணாடி வழியே பார்த்தார். நெடுநேரம் பார்த்தபடியே இருந்தார். கரையில்லாத கடல் அவருக்கு அச்சந் தரவில்லை போலும். அவர் அஞ்சியது கரைக்கு வரும் கடலைத்தான்.

மாலை மயங்கும் வேளையில் நாகபட்டினத்தில் இறங்கினோம். விடுதியில் நாம் வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசியதும் பணியாளச் சிறுவன், “நீங்க சிலோனுங்களா?” என்றான். நாடு பெயர் மாறி ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாயினும் இக்கரையில் அது இன்னும் சிலோன்தான்.

நாகபட்டினம் சரித்திரச் செறிவு மிக்க நகர். முதலாம் இராசராச சோழன் காலத்தில், கடாரத்து மன்னன் தன் தந்தையின் பெயரால் இங்கே சூடாமணி விகாரை என்னும் பௌத்தப் பள்ளியை எழுப்பினான். சைவப் பேரரசனாகிய இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே நிவந்தமாக அளித்தான். அதனைக் கூறும் செப்பேடுகள் பிற்காலத்தில் ஒல்லாந்து தேசத்தின் லைடன் நகரை அடைந்தமையால் லைடன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. விகாரை என எஞ்சிநின்ற கோபுரமொன்றை 1867ஆம் ஆண்டு இடித்துவிட்டனர். மண்ணிலிருந்து கிடைத்த புத்தர் படிமங்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பலவற்றைச் சென்னை நூதனசாலையிற் காணலாம். தமிழன் பௌத்தனாகவும் இருந்தான் என்பதை மாணவருக்கு எடுத்துச் சொல்ல இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமோ? போர்த்துக்கேயரிடமிருந்து இந்நகரை ஒல்லாந்தர் கைப்பற்றியது 1658ஆம் ஆண்டில். யாழ்ப்பாணக் கோட்டை அவர் வசமானதும் அதே ஆண்டில்தான். அக்காலத்து அந்நியருக்கு இவ்விரு கரைகளும் ஒரே கணக்கில் எழுதப்பட்ட இரண்டு வரவுகள்.

மறுநாட் காலை காயாரோகணேசுவரரையும் நீலாயதாட்சி அம்மையையும் தரிசித்தோம். இவ்வூர் நுளைப்பாடியில் வாழ்ந்த அதிபத்த நாயனாரின் வரலாற்றைப் பலரும் அறிவர். பரதவர் குலத் தலைவராகிய அவர், நாள்தோறும் அகப்படும் மீன்களுள் முதன்மையான ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலே விடுவார். வறுமை வந்து, ஒரு நாளைக்கு ஒரே மீன் மாத்திரம் அகப்பட்ட காலத்திலும் அதனையே விட்டார். ஈற்றில் பொன்மீன் ஒன்று அகப்பட, அதனையும் விட்டார். அறுபத்து மூவருள் வலை வீசி வாழ்ந்த இப்பெரியாரை, எம் கரையோரப் பாடசாலைகளில் இன்னும் சற்று அதிகமாகப் பேசலாமென்பது என் அபிப்பிராயம். ஆவணி ஆயிலியத்தில் அவருக்கு இங்கே விழா நடைபெறும். நாம் சில நாட்கள் முந்திவிட்டோம்.

கோயிலிலிருந்து கீச்சாங்குப்பத்துக்கு நடந்தோம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் மாண்டோர் ஏறத்தாழ எண்ணாயிரவர். அவருள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகபட்டினம் மாவட்டத்தவர். எம் முல்லைத்தீவிலும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இராயப்பர் தேவாலயமும் அழிந்தது. இரண்டு ஊர்களும் ஒரே காலையில், ஒரே அலையால் அழிந்தவை என்பதை நான் வகுப்பிலே பன்முறை சொல்லியிருக்கிறேன். சொல்வது வேறு, அந்தக் குப்பத்துத் திண்ணையிலே இருப்பது வேறு.

கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி எம்மை அழைத்துத் தண்ணீர் தந்தார். எந்த ஊர் என்று கேட்டார். முல்லைத்தீவு என்றோம், அவருக்குத் தெரியவில்லை. “சுனாமி அடிச்ச ஊர் அம்மா” என்றார் என் துணைவியார். மூதாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒனக்கு யாரு போனது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளாக எவரும் அவ்வளவு நேராக அவரிடம் கேட்டதில்லை. எம்மூரில் எல்லோருக்கும் ஒருவர் போயிருக்கின்றனர், அதன்பின் போரிலும் போயினர், கேட்பாரில்லை. இருவரும் பேசியதை நான் எழுதப் போவதில்லை. முக்கால் மணி நேரம் பேசினர். நான் வலை பொத்துவோரைப் பார்த்துக்கொண்டு அப்பால் நின்றேன். திரும்பும்போது துணைவியார் மணலிலே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்று பிற்பகல் நாகூர். சாகுல் ஹமீது ஆண்டகையின் தர்காவில் ஐந்து மினாராக்கள். அவற்றுள் உயர்ந்தது 131 அடி. அதனைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர். அங்கே தொழுவோரில் இந்துக்களே பாதிக்கு மேல் இருப்பார்கள் போலத் தோன்றியது. எம் நாட்டு முஸ்லிம் அன்பர் சிலரையும் கண்டு அளவளாவினோம்.

காரைக்காலில் அரை நாள். 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954ஆம் ஆண்டு இந்தியாவோடு சேர்ந்த ஊர். ஆயினும் எமக்கு அது அம்மையார் ஊர். காரைக்கால் அம்மையார் கதையைப் பக்திக் கதையாகவே படிக்கின்றோம். அதனுள் ஒரு துறைமுக நகரத்தின் வாழ்வும் இருக்கிறது. தந்தை தனதத்தன் காரைக்கால் வணிகன். கணவன் பரமதத்தன் நாகபட்டினத்து வணிகன் மகன். மாங்கனியால் மனைவி தெய்வமென அஞ்சியவன், வணிகஞ் செய்யப் போவதாகக் கூறிக் கப்பலேறி, பாண்டிநாட்டுப் பட்டினமொன்றில் வேறு மணம் முடித்துக்கொண்டான். கடலோர ஊர்களில் ‘கப்பலேறிப் போனவர் திரும்பவில்லை’ என்ற கதை அன்றும் இருந்தது. “மாங்கனியைப் பாதி எனக்கும் தந்திருந்தால் இவ்வளவும் நடந்திராது” என்று நான் சொல்ல, “இஞ்சாருங்கோ, கோயிலுக்குள்ள நிண்டு பகிடி விடாதையுங்கோ” என்று துணைவியார் கடிந்தார்.

தரங்கம்பாடியில் இறங்கியதும் நாம் ஒரு கணம் வேற்று நாட்டுக்கு வந்துவிட்டோமோ என்று மயங்கினோம். நகர வாயில், அகன்ற வீதி, தேவாலயங்கள், கடலை நோக்கி நிற்கும் மஞ்சள் நிறக் கோட்டை. டென்மார்க் தேசத்தார் 1620ஆம் ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை அது. இதிலே இலங்கையர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஓவெ கெத்தெ தலைமையில் வந்த அக்கப்பல்கள் நாடி வந்தது இலங்கையை. கண்டியரசன் செனரதனோடு பேச்சு நடத்தி, திருகோணமலையிற் காலூன்ற முயன்றனர். அது நிலைக்கவில்லை, நிலைத்தது தரங்கம்பாடி. 1845ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அவர் கொடி இங்கே பறந்தது.

1706ஆம் ஆண்டு இங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, அச்சியந்திரம் வருவித்து, 1714, 1715ஆம் ஆண்டுகளிற் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். சமயம் வேறாயினும், தமிழை அச்செழுத்தில் ஏற்ற உழைத்தவர் என்ற வகையில் தமிழாசிரியர் எவரும் அவருக்குக் கடமைப்பட்டவரே. கோட்டைக்கு வடக்கே, 1306ஆம் ஆண்டு குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. வெள்ளைக்காரன் கோட்டையை விட்டுவிட்டுச் சிவன் கோயிலைக் கடல் தின்றதேன் என்று துணைவியார் கேட்டார். என்னிடம் விடையில்லை.

நாலாம் நாள் பூம்புகார்.

இந்நகரைப் பற்றி இருபது ஆண்டுகளாக மாணவருக்குப் பாடஞ் சொல்லியவன் நான். பட்டினப்பாலை கூறும் பண்டசாலைகள், புலிமுத்திரை பொறித்த பொதிகள், நிமிர்ந்த பரிகள், கரிய மிளகு, அவற்றோடு ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருள் எல்லாம் மனப்பாடம். ஈழத்து உணவு யாதென்று உரையாசிரியர் சொல்லிச் செல்லவில்லை என்று மாணவர் குறைப்படுவர். எம் கரையோரப் பிள்ளைகள் மாத்திரம் ‘கருவாடுதான் சேர்’ என்று ஐயமின்றிச் சொல்வர். இன்றைய பூம்புகார் சிறிய மீனவர் ஊர். 1973ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடத்தின் ஏழுநிலை மாடத்தை வெளியே நின்று பார்த்தோம். துணைவியாரின் கால்கள் கடற்கரைக்கே விரைந்தன.

குடகிலே பிறந்து, எத்தனையோ வயல்களை விளைவித்து, பேராறு எனப் புகழப்படும் காவிரி, கடலோடு கலக்குமிடத்தில் எம் நாயாற்று முகத்துவாரத்தைவிடப் பெரிதாக இல்லை. நீரெல்லாம் வயலுக்குப் போய்விடுகின்றது. கடலுக்கு வருவது மிச்சமே. அண்மையிலுள்ள கீழையூரில் தொல்பொருளாய்வாளர் அகழ்ந்தபோது செங்கல்லாற் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. படகு கட்டிய மரத்தூண்களும் இருந்தன. கிறித்துவுக்கு முற்பட்டது என்பர். மற்றைய நகரம் கடலுக்குள்ளே.

இந்திர விழாவை மன்னன் மறந்தமையால், மணிமேகலா தெய்வத்தின் சாபத்தாற் கடல் நகரைக் கொண்டது என மணிமேகலை கூறும். கரை சிறிது சிறிதாக அரிக்கப்பட்டு, நகரம் பல காலத்தில் அழிந்தது என ஆய்வாளர் கூறுவர். இவ்விரண்டையும் நான் விரித்துரைத்தேன். துணைவியார் கேட்டுவிட்டு, “ஒரு காலமையிலை போயிருக்கும்” என்றார். எட்டிய நூல்களை மேற்கோள் காட்டும் வழக்கமுள்ள நான் அவ்விடத்தில் எதையும் காட்டவில்லை.

பிறகு அவர் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, கணுக்கால் நனைய அலையிலே இறங்கினார். இருபது ஆண்டுக்குப் பின் முதன்முறை. வற்றாப்பளையிலிருந்து கொண்டுவந்த மஞ்சட் குங்குமத்தைக் கையில் ஏந்தி நின்று, கடலிலே தூவினார். கண்ணகிக்கு இது பிறந்த வீடு. இங்கிருந்து புறப்பட்ட பெண் மதுரையிற் கணவனை இழந்து, ஊரை எரித்து, கடல் கடந்து வந்து எம்மூரிலே தங்கினாள் என்பதை எம் மாதர் நம்புவதன் காரணம் எனக்கு அப்போது ஓரளவு விளங்கிற்று. எம்மூரிலே நீதி கேட்டு நிற்கும் பெண்கள் இன்றும் பலர். செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை மன்னன் கயவாகு வந்திருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறுவதையும், அவ்வழியே வழிபாடு ஈழம் வந்தது எனக் கருதுவோர் உண்டென்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

சிதம்பரத்தில் ஒரு பொழுது தங்கினோம். 1864ஆம் ஆண்டு ஆறுமுகநாவலர் அங்கே நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையை நினைத்துக்கொண்டு நடராசப் பெருமானை வணங்கினோம். அங்கிருந்து பஸ்ஸில் புதுச்சேரி.

அரிக்கமேட்டைப் பார்க்கப் போகின்றவர் ஏமாறாதிருக்க வேண்டின் முன்னரே படித்துச் செல்லுதல் வேண்டும். ஆற்றங்கரைத் தோப்பு, இடிந்த செங்கற் சுவர் இரண்டு, அதுவும் பிற்காலத்துப் பாதிரிமார் கட்டியது. வேறொன்றுமில்லை. ஆனால் இந்த மண்ணுக்குள்ளேதான் மத்தியதரைக் கடல் கிடந்தது. 1945ஆம் ஆண்டு மோட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தபோது, இத்தாலியிலே செய்த செந்நிற மட்பாண்டங்களும், திராட்சை மதுவும் ஒலிவ எண்ணெயும் நிறைத்து வந்த ‘அம்பொரா’ என்னும் இரு காதுச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. கிறித்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டளவிற் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘பெரிப்புளூசு’ என்னும் கடல்வழி நூல், இக்கரைத் துறைகளைக் கமரா, பொதுகே, சோபத்மா என வரிசைப்படுத்துகின்றது. கமரா காவிரிப்பூம்பட்டினம் என்றும் பொதுகே இப்பகுதி என்றும் அறிஞர் கொள்வர்.

அவர் மாத்திரமா வந்தனர்? எம்மவரும் போயினர். எகிப்தில், செங்கடற்கரைத் துறைமுகங்களாகிய பெரெனிகேயிலும் குசீரிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. குசீரிற் கிடைத்த ஓட்டிலுள்ள சொற்களைப் ‘பானை உறி’ என்று பொருள்படப் படித்தார் ஐராவதம் மகாதேவன். எம் அம்மாமார் குசினியில் தயிர்ச் சட்டி தொங்கவிடும் அதே உறிதான்! பெரெனிகேயிலே ஒரு பெரிய சாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அங்கிருந்து ஒட்டகத்தில் நைல் நதிக்கும், நதிவழியே அலெக்சாந்திரியாவுக்கும், கப்பலில் இத்தாலிக்கும் எம்மவர் பொருள் சென்றது. அச்சாடிகள் சிலவற்றில் மீனைப் புளிக்கவைத்து வடித்த சாறும் உரோமர் அனுப்பினர் என்று நான் சொன்னதும், “இவ்வளவு தூரம் மீன் கொண்டு வந்தவையோ? இங்கை மீனில்லையோ?” என்று துணைவியார் வியந்தார். அந்நேரம் தோப்பிலே எம்மிருவரையும் இரண்டு ஆட்டுக் குட்டிகளையும் தவிர எவருமில்லை.

நாகபட்டினத்துக்கு மீண்டோம். கப்பலேறுமுன் ஒரு கடமை எனக்கு இருந்தது. என் வகுப்பிற் பாதிப் பிள்ளைகள் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வந்து, அவர்கள் தகப்பன்மார் விரித்த வலைகளை அறுத்துப் போவது அவர்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. ஒரு வலை போனால் ஒரு குடும்பத்தின் ஆறு மாதச் சோறு போகும். இழுவைமடி கடலடியைச் சுரண்டிக் குஞ்சு மீனையும் வாரிக்கொண்டு போவதால் 2017ஆம் ஆண்டு எம் நாட்டிற் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. எல்லையோ 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளில் வரையப்பட்டது. இக்கரையிலும் துயரம் இல்லாமலில்லை. எல்லையிற் பிடிபட்டுச் சிறையிலிருப்போரும், சுடப்பட்டு மாண்டோரும் இவர்களுள் உண்டு.

அக்கரைப்பேட்டைத் துறையில் இழுவைப் படகுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டுக் கிடந்தன. ஒரு முதியவரோடு பேச்சுக் கொடுத்தேன். நாற்பதாண்டு படகோடியவர். முல்லைத்தீவு என்றதும் தலையசைத்தார்; அவருக்கு அந்தக் கரையின் வெளிச்சம் தெரியும்.

“தெரியும் சார், அங்க இறால் நல்லா படும்” என்றார். பிறகு சற்று மௌனமாக இருந்து, “போட்டு எங்களது இல்லீங்க. மொதலாளி போட்டு. டீசல் காசு வரலேன்னா எங்களுக்குப் பங்கு கெடையாது. இங்க அடியில ஒண்ணும் இல்ல, நாங்களே வாரிட்டோம்” என்றார்.

நான் ஒரு வலையின் விலையைச் சொன்னேன். அவர் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். இந்தியக் காசில் எவ்வளவு என்று கேட்டு மீண்டும் கணக்குப் பார்த்தார். “ராத்திரியில வலை தெரியாதுங்க” என்றார். “தெரிஞ்சாலும் நிறுத்த முடியாது. மடி கீழ கெடக்கும்.” அவர் சொன்னது நியாயம் என்று நான் கருதவில்லை. ஆயினும் அதனை மறைக்காமற் சொன்னார். சுனாமிக்குப் பின் ஈழத்திலிருந்து வந்த யாராவது தம்மோடு இப்படி இருந்து பேசியதுண்டா என்று கேட்டேன். நேவிக்காரர் மாத்திரமே பேசியதாகச் சொன்னார்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் இதனை வகுப்பிலே சொன்னேன். பூம்புகாரையும் அரிக்கமேட்டையும் பிள்ளைகள் அமைதியாகக் கேட்டனர். அக்கரைப்பேட்டை வந்ததும் சிலாவத்தைப் பக்கத்து மாணவன் ஒருவன் எழுந்து, “அவரிட்டை ஐயான்ரை வலையைப் பற்றிச் சொன்னனீங்களோ சேர்?” என்றான். சொன்னேன் என்றேன். “என்னவாம்?” என்றான். முதியவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் சிறிது யோசித்து, “அப்ப முதலாளியைக் கண்டு கதைச்சிருக்க வேணும்” என்று சொல்லி இருந்துவிட்டான்.

இவ்வழியே போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். கடவுச்சீட்டும் விசாவும் முன்னதாகவே ஒழுங்கு செய்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் கடல் கொந்தளிப்பதாற் கப்பலை நம்பி நாள் குறித்தல் தகாது. மாசி முதல் ஆவணி வரை நன்று. பொதி நிறைக்குக் கட்டுப்பாடு உண்டாதலால் சேலை வாங்குவோர் அளவோடு வாங்குக. தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் பஸ் வசதி உண்டு; ஆயினும் அரிக்கமேட்டுக்கு ஆட்டோ பிடித்தே செல்லவேண்டும், திரும்பிவர அதனையே காத்து நிற்கச் சொல்லுதல் நலம்.